புதைத்த முட்டையின் காவல்: திணைக்கோட்பாடும் கேம்பல் பே கடற்கரையின் அருகிவரும் உயிரினங்களும்

முன்னுரை

தமிழரின் திணைக்கோட்பாடு ஒரு சூழலியல் கோட்பாடு என்னும் கருத்து தமிழாய்வுலகில் பெருவழக்காகிவிட்டது. முதல், கரு, உரி என்னும் முப்பொருளை விளக்கி, ஐந்நிலங்களுக்குரிய விலங்கையும் புள்ளையும் மரத்தையும் நிரல்படுத்தி, பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என முடிப்பது இவ்வகை ஆய்வுகளின் பொதுப்போக்காக உள்ளது. இம்முடிவு தமிழுள்ளத்திற்கு உவப்பானது. ஆயினும் அது போதிய அளவு சோதிக்கப்படாதது. சங்கப் புலவர் காணாத ஒரு நிலத்தில், அவர்கள் பாடாத ஓர் உயிரினத்தின் முன் நிறுத்தப்படும்போது திணைக்கோட்பாடு என்ன கூறும் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

அவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாக அமைவது கேம்பல் பே. இந்தியாவின் தென்கோடித் தீவான கிரேட் நிக்கோபாரின் கீழைக்கரையில் உள்ள இவ்வூரும், இதற்குத் தெற்கே கலத்தியா ஆறு கடலில் கலக்கும் விரிகுடாவும், மண்ணில் முட்டை புதைக்கும் இரு அரிய உயிரினங்களின் வாழிடத்தைச் சார்ந்தவை. ஒன்று, உலகின் மிகப்பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை. மற்றொன்று, நிக்கோபார்த் தீவுகளுக்கே உரிய மெகபோட் என்னும் நிலப்பறவை. சங்கப் பாடல்களில் இடம்பெறும் ஆமை முட்டை பற்றிய குறிப்புகளையும் தொல்காப்பிய அகத்திணையியலின் மயக்க விதிகளையும் இவ்வுயிரினங்களின் வாழ்நிலையோடு ஒப்புநோக்கி, திணைவழிச் சூழலியல் வாசிப்பின் ஆற்றலையும் எல்லையையும் வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திணைவழி வாசிப்பின் இரு நெறிகள்

சங்க இலக்கிய இயற்கை பற்றிய ஆய்வு இரு நெறிகளில் வளர்ந்துள்ளது எனலாம். முதலாவது, அழகியல் நெறி. தனிநாயகம் அடிகளார் 1953இல் வெளியிட்ட சங்க இயற்கை பற்றிய ஆங்கில நூல் இந்நெறிக்கு வித்திட்டது. நிலம் மாந்த உணர்வின் பின்னணியாகவும் குறியீடாகவும் நிற்கும் பாங்கை அது உலகினர்க்கு உணர்த்தியது. இரண்டாவது, அடையாளம் காணும் நெறி. பி.எல். சாமி அவர்களின் புள்ளின விளக்கமும் விலங்கின விளக்கமும் இந்நெறியின் சிகரங்கள். பாடலில் வரும் பெயர் எந்த உயிரினத்தைச் சுட்டுகிறது என்பதை உயிரியல் துணைகொண்டு நிறுவுவது அவர்தம் முறை. பின்னாளில் நிர்மல் செல்வமணி போன்றோர் திணையை நிலம், உயிர், மாந்தர் ஆகியவற்றின் உறவுமுறையாக விளக்கி, மேலைச் சூழலியல் திறனாய்வோடு உரையாடச் செய்தனர்.

இவ்வாய்வுகளின் பயன் பெரிது. எனினும் இவற்றைப் பின்பற்றி எழுந்த எண்ணற்ற கட்டுரைகளில் ஒரு நழுவல் நேர்ந்துள்ளமை நோக்கத்தக்கது. பாடலில் ஓர் உயிரினம் நுட்பமாகச் சித்திரிக்கப்படுவதனாலேயே அவ்வுயிரினத்தின் வாழ்வு அறியப்பட்டிருந்தது எனவும், அறியப்பட்டதனாலேயே அது காக்கப்பட்டது எனவும் இரு தாவல்களை அக்கட்டுரைகள் சான்றின்றிச் செய்துவிடுகின்றன. காட்சி நுட்பம், உயிரறிவு, காப்பு ஆகிய மூன்றும் வேறு வேறானவை. இவற்றின் வேறுபாட்டைச் சங்கப் பாடல்களே உணர்த்துகின்றன. ஆமையின் முட்டை அதற்குத் தக்க சான்றாகும்.

சங்கப் பாடல்களில் ஆமை முட்டை

குமுழிஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்று 160ஆம் பாடல் தோழி கூற்றாக அமைந்த நெய்தற் பாடல். நிறைந்த சூலையுடைய ஆமை, அடும்பின் கொடி சிதையுமாறு இழுத்துக்கொண்டு கழிக்கரையின் வெண்மணல் மேட்டை அடைகிறது. அங்கு முட்டைகளை மறைவாக ஈன்று புதைக்கிறது. அம்முட்டைகள் யானைக்கோட்டில் செய்த வட்டுக்களைப் போன்ற உருவின, புலவு நாறுவன. அவை பார்ப்பாகும் வரை ஆண் ஆமை காத்துநிற்கும் கானலை உடையவன் தலைவன் என்று பாடல் கூறுகிறது.

இச்சித்திரிப்பின் முற்பகுதி வியப்பூட்டும் மெய்ம்மை உடையது. அடும்பு படர்ந்த மணல்மேடு, அலையெட்டாத உயர்ந்த இடம், மறைத்துப் புதைத்தல், முட்டையின் வெண்ணிற உருண்டை வடிவம் ஆகிய அனைத்தும் கடற்கரையில் நின்று கண்ட ஒருவரின் கூற்றுகள். பிற்பகுதியோ உயிரியலுக்கு முற்றிலும் மாறானது. கடலாமையின் ஆண் முட்டையைக் காப்பதில்லை. அது கரையேறுவதே மிக அரிது. பெண் ஆமையும் முட்டையை மூடியபின் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆக, இப்பாடலின் கணவன் ஆமை கடற்கரையிலிருந்து வந்தவன் அல்லன், உரிப்பொருளிலிருந்து வந்தவன். மறைவாக நிகழ்ந்த களவு, வரைவாக வெளிப்படும் வரை அதனைக் காக்க வேண்டிய பொறுப்பு தலைவனுடையது. அப்பொறுப்பை ஏற்கும் ஒருவனைப் பாடல் வேண்டிற்று. ஆகவே ஆமைக்கு ஒரு கணவன் வாய்த்தான்.

இதனையொத்த போக்கினைப் பிற பாடல்களிலும் காணலாம். ஓரம்போகியாரின் மருதப் பாடலில் (ஐங்குறுநூறு 44) பொய்கை ஆமையின் இளம்பார்ப்பு தாயின் முகம் நோக்கியே வளர்வதாகச் சொல்லப்படுகிறது. கிள்ளிமங்கலங்கிழாரின் குறுந்தொகைப் பாடலில் (152) காதலர் கைவிட்ட காமம், தாயில்லாத முட்டையைப் போல உள்ளேயே கிடந்து அழிவதாகத் தலைவி உரைக்கிறாள். பிற்காலச் சைவ மரபிலோ, தொட்டுப் பொரிக்கும் பறவை, நோக்கிப் பொரிக்கும் மீன், நினைந்து பொரிக்கும் ஆமை ஆகிய மூன்றும் ஆசிரியன் மாணாக்கனுக்கு அருளும் தீக்கை வகைகளுக்கு உவமைகளாயின.

தந்தையின் காவல், தாயின் முகம், தாயின் நினைவு என வடிவம் மாறினும் இவ்வனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. புதைக்கப்பட்ட முட்டை தனித்து விடப்பட்டது என்பதைத் தமிழ்க் கவியுள்ளம் ஏற்க மறுத்தது. முட்டைக்குக் காவல் ஒன்று உண்டு என அது உறுதியாக நம்பியது. அக்காவலை உறவில் தேடியது. இந்நம்பிக்கை உயிரியல் நோக்கில் பிழை. ஆயினும் அதனுள் ஒரு சரியான வினா பொதிந்துள்ளது. புதைத்த முட்டையைக் காப்பது யார் என்பதே அவ்வினா. அதற்கான விடை கேம்பல் பே கடற்கரையில் கிடைக்கிறது.

தமிழ் நோக்கில் நக்கவாரம்

அவ்விடையை நாடுமுன், இத்தீவுகளைத் தமிழ் மரபு எவ்வாறு கண்டது என்பதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் எனச் சுட்டுவது நிக்கோபார்த் தீவுகளையே என்பது ஆய்வாளர் உடன்பாடு. தேன் செறிந்த பெரும்பொழில்களை உடையது என்னும் அடைமொழி அதற்குத் தரப்படுகிறது. மணிமேகலையின் ஆதிரை காதையில் சாதுவன் கரைசேரும் நக்கசாரணர் தீவும் இதுவே எனக் கருதுவோர் உளர். அது உறுதிப்பட்ட முடிபன்று. அக்காதையில் கரைநாட்டு வணிகன் தீவினர் தலைவனுக்குக் கொல்லாமையை அறிவுறுத்துகிறான். மூத்து விளியும் விலங்குகளைத் தவிர்த்து ஏனைய உயிர்களிடத்துத் தீங்கு செய்தலை ஒழிக்குமாறு கூறுகிறான்.

ஒன்றில் தீவு வெற்றியின் அணி. மற்றொன்றில் தீவினர் கற்பிக்கப்பட வேண்டியோர். இரண்டிலும் தீவிற்கே உரிய ஓர் உயிரினத்தின் பெயரேனும் இடம்பெறவில்லை. மெகபோட் பறவைக்குத் தமிழில் வழங்குபெயர் இன்றுவரை இல்லாமை இந்நோக்கின் தொடர்ச்சி எனலாம். கலத்தியா என்னும் பெயரும் மண்ணின் பெயரன்று. 1845 முதல் 1847 வரை உலகைச் சுற்றிய டென்மார்க்குக் கப்பலின் பெயர் அது. 1969 தொடங்கி, தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்பவர்கள் காடுறை சோம்பென் குடியினரும் கரையுறை நிக்கோபாரியரும் ஆவர். ஆகவே, திணைக்கோட்பாட்டை இங்குக் கொண்டுசெல்லும் தமிழாய்வு, பெயரிடும் உரிமையோடு செல்லுதல் இயலாது; கற்றுக்கொள்ளும் கடமையோடு செல்லுதலே தகும்.

கேம்பல் பே: நிலமும் பொழுதும்

கிரேட் நிக்கோபார்க் காடுகள் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 1992இல் கேம்பல் பே, கலத்தியா என்னும் பெயர்களில் இரு தேசியப் பூங்காக்கள் அமைந்தன. 2013இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இத்தீவு இடம்பெற்றது. நிக்கோபார் நீள்வால் குரங்கு, நிக்கோபார் மர மூஞ்சூறு, கிரேட் நிக்கோபார் பாம்புக் கழுகு, தேங்காய் நண்டு, உவர்நீர் முதலை என இங்கு வாழும் அரிய உயிரினங்கள் பல. எனினும் மேற்கூறிய வினாவிற்கு விடை தருவன முட்டை புதைக்கும் இரண்டு உயிரினங்களே.

ஏழுவரி ஆமை முதலாவது. முதுகில் நீளவாக்கில் ஓடும் ஏழு வரிமேடுகளால் அதற்குத் தமிழகக் கரையில் இப்பெயர் அமைந்தது; தோணியாமை என்றும் வழங்குவர். ஏனைய கடலாமைகளைப் போல வன்மையான ஓடு இதற்கில்லை. தோல் போர்த்த முதுகே உண்டு. ஆண்டிறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் முதற்சில திங்கள் வரை இவ்வாமைகள் கலத்தியா விரிகுடாவின் மணலில் இரவு நேரத்தில் கரையேறுகின்றன. குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடி, அதன்மேல் உடலைச் சுழற்றித் தடத்தைக் குலைத்து, கடலுக்கு மீள்கின்றன. லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட ஆமைகளைச் செயற்கைக்கோள் கருவி பொருத்தித் தொடர்ந்தபோது, சில ஆத்திரேலியக் கரைப்பக்கமும் சில ஆப்பிரிக்கக் கரைப்பக்கமும் சென்றமை தெரியவந்தது. இரண்டு பெருங்கடலோரங்களைத் தன் எல்லையாகக் கொண்ட உயிரினம், முட்டையிடுவதற்கு மட்டும் ஒருசில மணற்கரைகளையே நாடுகிறது.

இம்முட்டையைக் காப்பது மணலே. முட்டை பொரிவதற்குரிய வெம்மையை மணல் தருகிறது. அதுமட்டுமன்றி, பார்ப்பு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெம்மையைப் பொறுத்ததே. வெம்மை மிகின் பெண், குறையின் ஆண். ஏறத்தாழ இரு திங்கள் கழித்து இரவில் வெளிவரும் பார்ப்புகளுக்கு வழிகாட்டுவது தாயன்று. காட்டின் இருண்ட விளிம்பிற்கு எதிரே கடல்வானத்தின் மெல்லொளியே வழிகாட்டி. கரையில் செயற்கை விளக்கு எரியுமாயின் பார்ப்பு கடலை விட்டு விளக்கை நோக்கி நடந்து மடியும். ஆகவே மணல் மட்டுமன்று, இருளும் அதன் வாழிடமாகும். முதற்பொருளை நிலமும் பொழுதும் எனத் தொல்காப்பியம் இரண்டாக வகுத்தமையின் பொருள் இங்கு விளங்குகிறது. நிலத்தை விட்டுவைத்துப் பொழுதை அழிப்பினும் முதற்பொருள் அழிந்ததேயாகும்.

இவ்விடத்துத் தமிழகக் கடற்கரையின் வழக்கொன்று நினைக்கத்தக்கது. சிற்றாமை என்னும் வகையைத் தமிழக மீனவர் பங்குனி ஆமை என அழைக்கின்றனர். நெய்தலுக்குத் தொல்காப்பியம் எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டுமே கூறிற்று, பெரும்பொழுது கூறவில்லை. இலக்கணம் கூறாது விட்ட பெரும்பொழுதைக் கடல்சார் மக்கள் ஓர் உயிரினத்தின் பெயரிலேயே பதித்துவைத்துள்ளனர். கருப்பொருளின் பெயருக்குள் முதற்பொருள் வாழ்வதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இரண்டாவது உயிரினமான மெகபோட் மேலும் வியப்பிற்குரியது. கோழியளவினதான இப்பறவை அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணல், மண், இலைச்சருகு ஆகியவற்றைக் காலால் வாரிச் சேர்த்துப் பெருமேடு எழுப்புகிறது. அம்மேட்டினுள் முட்டையைப் புதைக்கிறது. சருகு மட்குவதால் எழும் வெம்மையே முட்டையைப் பொரிக்கிறது. ஒரே மேட்டைப் பல இணைகள் பயன்படுத்துவதும், ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிப்பதும் உண்டு. இரு திங்களுக்கு மேல் மேட்டினுள் வளரும் குஞ்சு, தானே மண்ணைத் தோண்டி வெளிவருகிறது. வந்தவுடன் இரைதேட வல்லதாகிறது. தாயின் முகத்தை அது நோக்குவதில்லை. குறுந்தொகைத் தலைவி அஞ்சிய தாயில் முட்டை, இங்கு அழிவதற்கு மாறாகப் பறவையாகிறது.

ஆனால் அவ்வாறு ஆவதற்குக் கரையோரக் காடு வேண்டும். மணல் மட்டும் போதாது. சருகு உதிர்க்கும் மரம் வேண்டும். மரம் மட்டும் போதாது. அலையெட்டாத, ஆனால் கடலுக்கு அணித்தான மண் வேண்டும். நெய்தலும் முல்லையும் தொடும் அம்மெல்லிய விளிம்பே இப்பறவையின் உலகம். ஆகவேதான் 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்விளிம்பைத் துடைத்தபோது இப்பறவை பெரும் இழப்பிற்கு உள்ளாயிற்று. நிலநடுக்கத்தால் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல்நீரில் நின்றது. பேரலைக்குப் பிந்தைய களஆய்வுகள் கரையோர மெகபோட் இணைகள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டின. தென்கரையிலும் மேல்கரையிலும் வாழ்ந்த நிக்கோபாரியரும் தம் ஊர்களை இழந்து, கேம்பல் பேயை அடுத்த ராஜீவ் நகர், நியூ சிங்கென் ஆகிய குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர்.

அப்பேரழிவிற்குப் பின் நிகழ்ந்தது கருதத்தக்கது. கலத்தியா விரிகுடாவில் அழிந்த மணற்கரை ஆண்டுகள் சில கடந்து மீண்டும் உருவாயிற்று. ஏழுவரி ஆமைகளும் மீண்டும் கரையேறின. தீவின் உயிரினங்களுக்கு அழிவு புதிதன்று. நிலம் தன்னிடத்தே விடப்படுமாயின் கரு மீளும் என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் செய்தி.

மயங்கும் கருவும் மயங்கா நிலமும்

இங்கு ஒரு தடை எழக்கூடும். கருப்பொருள் தன் நிலத்தோடு பிணைந்தது என்பது திணைக்கோட்பாட்டின் முழுநிலைப்பாடு அன்று. எந்நிலத்துப் பூவாயினும் புள்ளாயினும், அந்நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாது வரினும், வந்த நிலத்தின் பயனையே தரும் என்று அகத்திணையியல் வெளிப்படையாகவே விதிக்கிறது. குறிஞ்சிப் பறவை நெய்தற் பாடலில் வரலாம். வந்தபின் அது நெய்தலின் பறவையே. இவ்விதியை ஒதுக்கிவிட்டுத் திணைக்கோட்பாட்டை வாழிடக் கோட்பாடாகக் காட்டுவது ஆய்வு நேர்மையாகாது. உயிரினத்தை ஒரு நிலத்திலிருந்து பெயர்த்து இன்னொரு நிலத்தில் வைப்பதற்கு இலக்கணமே இசைவு தந்துள்ளதன்றோ என ஒருவர் வினவின் அதற்கு விடை கூறியாக வேண்டும்.

விடை அவ்வியலிலேயே உள்ளது. திணை மயங்குதல் விலக்கப்படவில்லை எனக் கூறும் நூற்பா, நிலம் ஒருங்கு மயங்குதல் இல்லை எனப் புலமையோர் மொழிவர் என்றும் உடனே வரையறுக்கிறது. கரு பெயரலாம், நிலம் பெயராது. பெயர்ந்த கருவுக்கும் பொருள் தருவது நிலமே என்பதால், மயக்க விதி நிலத்தின் முதன்மையைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. உரையாசிரியர் இவ்விதிகளைச் செய்யுள் அமைப்பிற்குரியனவாகவே கொண்டனர் என்பதும் மறத்தலாகாது. பாடலில் பெயரும் பறவை பொருளாகப் பெயர்கிறது. அது முட்டையிட வேண்டியதில்லை.

முப்பொருளின் முறைவைப்பும் இவ்வாறே நோக்கத்தக்கது. முதலினும் கரு, கருவினும் உரி என ஒன்றனின் ஒன்று சிறக்கும் என்பது தொல்காப்பியம். அச்சிறப்பைச் சொல்லும்போது ‘நுவலுங்காலை’ என ஒரு வரையறையையும் அது சேர்த்துள்ளது. அதாவது, செய்யுளாக மொழியுமிடத்தே இம்முறை என்பது பொருள். பாடலில் உரி தலைமையுடையது. முதல் பின்னணியாக நிற்பது. அகநானூற்று ஆமைக்குக் கணவன் வந்தமை இம்முறையின் விளைவே. மொழிதலுக்கு வெளியே, மண்ணின்மேல், இம்முறை தலைகீழாகிறது. அங்கு முதலே தலைமை. கரு அதனைச் சார்ந்தது. உரி எனப்படும் மாந்தர் ஒழுக்கமோ இரண்டிற்கும் பின்னே வருவது. செய்யுளின் முறையை மண்ணின் முறையாகக் கொள்வதும், மண்ணின் முறையைச் செய்யுளில் ஏற்றி உரைப்பதும் ஒருங்கே பிழையாகும். திணைவழிச் சூழலியல் வாசிப்புகள் பல இப்பிழையில் நிற்பன.

ஈடு என்னும் சொல்

இவ்வேறுபாடு இலக்கணப் பயிற்சி மட்டுமன்று என்பதை 2021க்குப் பின் கிரேட் நிக்கோபாரில் நிகழ்ந்தவை காட்டுகின்றன. கலத்தியா விரிகுடா 1997இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு 2021 சனவரியில் அவ்வறிவிப்பை நீக்குவதற்கு ஒப்புதல் தந்தது. சரக்குமாற்றுத் துறைமுகம், வானூர்தி நிலையம், மின்நிலையம், புதுநகர் ஆகியவற்றை உள்ளடக்கிய பெருந்திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. திட்டப்பரப்பு 166.10 சதுர கிலோமீட்டர், அதில் 130.75 சதுர கிலோமீட்டர் காடு. மலாக்கா நீரிணையை அடுத்த கடல்வழி வணிகமும் நாட்டின் பாதுகாப்பும் இத்திட்டத்திற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றின் தகுதியை அளப்பது இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் வருவதன்று. ஆனால் திட்ட ஆவணங்கள் கையாளும் ஒரு சொல் அவ்வெல்லைக்குள் வருவது. அச்சொல் ‘ஈடு’ என்பது.

இழக்கப்படும் மழைக்காட்டிற்கு ஈடாக அரியானாவில் காடு வளர்க்கப்படும் என்பது அனுமதியின் கூறுகளுள் ஒன்று. மெகபோட் பறவைக்கு மென்சால் தீவிலும், ஏழுவரி ஆமைக்கு லிட்டில் நிக்கோபாரிலும், பவளப்பாறைகளுக்கு மெரோ தீவிலும் 2022இல் புதிய சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. இவ்விடங்கள் காக்கப்படுவது நன்றே. அங்கும் அவ்வுயிரினங்கள் உள்ளன. எனினும் ஒன்றைக் காப்பது பிறிதொன்றை இழப்பதற்கு ஈடாகுமா என்பதே வினா.

தமிழில் ஈடு என்பது ஒப்பு என்னும் பொருளது. ஒப்பாவதற்கு இரண்டும் ஓரினமாதல் வேண்டும். அரியானா கடலில்லாத மாநிலம். வறண்ட வெளிகளையும் ஆரவல்லிக் குன்றுகளையும் உடையது. அங்கு நடப்படும் மரம் மரமே. அது தன் நிலத்திற்கு நன்மையும் செய்யும். ஆனால் அதன் சருகில் மெகபோட் முட்டை பொரிவதில்லை. அதன் இருண்ட விளிம்பைப் பின்னிட்டு ஆமைப்பார்ப்பு கடலை நோக்கி நடப்பதில்லை. மரம் என்னும் கருப்பொருளை எண்ணிக்கையாகப் பிரித்தெடுத்து, நிலமும் பொழுதும் வேறாகிய இடத்தில் வைத்து, இரண்டும் ஒன்றென்பது நிலத்தோடு நிலத்தை மயக்குவதாகும். இலக்கணம் விலக்கியது இம்மயக்கத்தையே. செய்யுளில் கூடக் கொள்ளப்படாத ஒன்று மண்ணில் கொள்ளப்படுகிறது.

இதே அளவுகோல் மாந்தர்க்கும் பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி சோம்பென் மக்கள் 229 பேரே. அவர்தம் தெய்வம், உணவு, தொழில் யாவும் தொல்காப்பியம் கருப்பொருளாக எண்ணுபவற்றுள் அடங்கும். ஆகவே அவையும் நிலத்திலிருந்து பிரித்தெடுக்க இயலாதவை. பேரலையால் பெயர்ந்த நிக்கோபாரியர் தம் பழைய ஊர்களுக்குத் திரும்ப விழைவதைப் பலமுறை தெரிவித்துள்ளனர். குடியிருப்பு வீடுகள் அவர்களுக்கு உறையுளாயின, ஊராகவில்லை. ஈடு தந்தாயிற்று எனக் கணக்கு முடிந்த இடத்திலும் இழப்பு முடியவில்லை என்பதற்கு அவர்களே சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, சங்கப் பாடல்களின் உயிரினச் சித்திரிப்பை அப்படியே உயிரறிவாகவும் காப்புணர்வாகவும் கொள்ளலாகாது. அகநானூற்று ஆமை காட்டுவதுபோல, ஒரே பாடலில் கண்கண்ட மெய்ம்மையும் உரிப்பொருள் வேண்டிய புனைவும் அடுத்தடுத்து நிற்கும். அவற்றைப் பிரித்தறிதலே திறனாய்வின் முதற்கடமை. புனைவைப் புனைவென ஒப்புவதால் பாடலின் பெருமை குறைவதில்லை.

இரண்டாவது, திணைக்கோட்பாட்டின் சூழலியற் பயன் அதன் கருப்பொருட் பட்டியலில் இல்லை. ஐந்நிலப் பட்டியலில் ஏழுவரி ஆமையோ மெகபோட் பறவையோ இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. அதன் பயன் நிலத்தையும் பொழுதையும் முதல் எனப் பெயரிட்டதிலும், கரு மயங்கினும் நிலம் மயங்காது என வரையறுத்ததிலும் உள்ளது. அழியும் உயிரினங்களைப் பெயர்ப்பட்டியலாகக் காணும் எவ்வகை ஆவணத்தையும், அது அரசினதாயினும் ஆய்வாளரதாயினும், வினவுதற்கு இவ்வரையறை துணைசெய்யும்.

மூன்றாவது, தமிழ்க் கவிமரபு எழுப்பிய வினா இன்றும் உயிருடையது. புதைத்த முட்டைக்குக் காவல் உண்டு என்னும் அதன் உள்ளுணர்வு பிழையன்று. காவலனைப் பற்றிய ஊகமே பிழை. காப்பது கணவன் ஆமை அன்று, தாயின் முகமும் அன்று, நினைவும் அன்று. மணலின் வெம்மையும் மட்கும் சருகும் விளக்கில்லா இரவுமே காவல். முதற்பொருள் என்பது உயிர்கள் நடமாடும் மேடை மட்டுமன்று. அவற்றை அடைகாக்கும் உயிர்ப்பொருள்.

கணவன் ஆமையைக் கரையில் நிறுத்திய புலவர், காவலற்ற முட்டையைக் கற்பிக்க விரும்பவில்லை. அவ்விருப்பமின்மை இன்றைய ஆய்வாளருக்கும் வேண்டும். ஆனால் இன்று அம்முட்டைக்குப் பக்கத்தில் கற்பனைக் காவலன் ஒருவனை நிறுத்தி அமைதி கொள்ளுதல் இயலாது. சங்க இலக்கியம் இயற்கையைப் போற்றியது என மீண்டும் மீண்டும் மொழிதல் அத்தகைய கற்பனைக் காவலே ஆகும். கலத்தியாவின் மணல் எதனைக் காக்கிறது என்பதை அறிந்து உரைத்தலே திணை கற்றோர் செய்யத்தக்கது.